படுத்துக்கிடந்த கதவு

டன்லப் ஸ்திரீட்டில் இயேசுதாசனின் லேஸ் கடைக்குப் பெருமை என்று ஒன்று இருந்தால், அது அவர் மனைவி அந்தோனியம்மாளின் வாய்தான். கடை என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். ஒரு கடையை நடுவில் மறித்து இரண்டாக்கியதில் ஒரு பாதி. மறுபாதியில் நூருல் அமீனின் மசாலா அரைவை மெஷின் ஓடியது. இந்தப் பக்கம் லேஸ், நாடா, பட்டன், ரவிக்கைத் துணி, மாதா கோயிலில் முதன்முதலாகப் புதுநன்மை வாங்கும் பிள்ளைகளுக்கு வெள்ளை முக்காடு. அந்தப் பக்கத்து மிளகாய்த்தூள் பறந்து வந்து இந்தப் பக்கத்து வெள்ளை லேஸில் உட்காராத நாளே கிடையாது. அந்தோனியம்மாள் அதைத் தட்டிவிட்டபடியே, "காரமான லேஸ்மா, போட்டுக்கிட்டா புருஷன் பயப்படுவான்" என்று சொல்லி விற்றுவிடுவாள்.

வாசலை ஒட்டிய தூணோரம்தான் அவள் இடம். அங்கே உட்கார்ந்தால் தெரு முழுவதும் கண்ணில் விழும். தெருவில் போகிறவர்களும் அவள் கண்ணில் விழாமல் போக முடியாது. ஜன்னல் திரைக்கு நாடா வாங்க வந்த தையல்கார ஹலீமா, மகள் கல்யாணத்துக்கே லேஸ் எடுத்துக்கொண்டு போவாள். இயேசுதாசனுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. கேட்டதை எடுத்துக் கொடுப்பார், கேட்காததைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். அப்படிப்பட்டவர் கடை வைத்ததே அவளை நம்பித்தான்.

சர்க்கரை நோய் அவளுடைய வலது காலை முழங்காலோடு வாங்கிக்கொண்டு போயிற்று. மிச்சமிருந்த காலுக்கும் நிற்கத் தெம்பில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து சக்கர நாற்காலியில், தீவின் மேற்கே பூன் லேயில் இருந்த வீட்டுக்கு வந்தவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். ஊர் வாயையெல்லாம் கிளறிய வாய் மூடிக்கொண்டது. "சோறு வேணுமா" என்றால் தலையசைப்பு, "கோயிலுக்குப் போலாமா" என்றால் அதுவும் இல்லை. கடையில் வந்தவர்கள் "அக்கா இல்லையா?" என்று எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போனார்கள். இயேசுதாசன் பட்டன் பெட்டிகளைத் துடைத்துத் துடைத்து வைத்தார். அழுகை வந்தால் மிளகாய்த்தூள் மேல் பழியைப் போட்டுக்கொண்டார்.

அவருக்கு வழி காட்டியது கடையின் கதவு. பழைய கடைகளின் கதவு ஒற்றைக் கதவல்ல. தனித்தனிப் பலகைகள். மேலும் கீழும் காடி என்று வெட்டிய பள்ளத்தில் ஒவ்வொன்றாகச் செருகி அடைப்பார்கள், காலையில் ஒவ்வொன்றாகக் கழற்றி உள்ளே சாத்துவார்கள். வரிசை மாறிவிடாமலிருக்க ஒவ்வொன்றிலும் எண் போட்டிருக்கும். ஒருநாள் காலையில் நாலாம் எண் பலகையைக் கழற்றியவர், அதை உள்ளே கொண்டுபோகாமல், நடைபாதையிலிருந்து கடைக்கு ஏறும் இரண்டு படிகளின்மேல் சாய்த்துப் பார்த்தார். நல்ல கனத்த பலகை, அசையவில்லை. பக்கத்தில் ஐந்தாம் பலகையையும் போட்டார். சக்கரம் இரண்டு, பலகை இரண்டு.

மறுநாள் நூருல் அமீனின் வேனில் அந்தோனியம்மாள் வந்து இறங்கினாள். பின்னாலிருந்து ஒரு தள்ளு. நாற்காலி ஏறிப்போய்த் தூணோரம் நின்றது. அவள் தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். பிறகு, "என்னங்க இது, இந்த லேஸை இப்படியா மாட்டுவாங்க? தூக்குல போட்ட மாதிரி இருக்கு" என்றாள். மாதக்கணக்கில் கேட்காத குரல். இயேசுதாசன் அன்று மசாலாக் கடைப் பக்கம் போய் நின்றுகொண்டு நன்றாக அழுதார்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் நன்றியுள்ள மனிதருக்கு அடக்கம் வராது. கடை திறந்த ஆண்டு நாளன்று பங்குச் சாமியாரை அழைத்து, நாலாம் ஐந்தாம் பலகைகளுக்குச் செவ்வந்தி மாலை சாத்தி, தீர்த்தம் தெளித்து மந்திரிக்கச் சொன்னார். வீட்டை மந்திரிப்பார்கள், காரை மந்திரிப்பார்கள், பலகையை ஏன் கூடாது? சாமியாரும் சிரித்துக்கொண்டே மந்திரித்தார். நாற்காலியில் அந்தோனியம்மாளும் பலகையில் மாலையுமாக எடுத்த படம் கோயில் பத்திரிகையில் வந்தது. பத்திரிகை ஒருவர் வீட்டில் முறுக்கு மடிக்கப் போகாமல், ஓர் அலுவலக மேசைக்குப் போய்விட்டது.

அது, உலகமெங்கும் ஊனமுற்றோர் ஆண்டு கொண்டாடிய வருஷம். கொண்டாடுவதற்கென்று ஏற்பட்டதுதான் கடைக்கட்டட எளிதணுகல் வாரியம். அதற்கு நோக்கங்கள் இரண்டு. நடக்க முடியாதவர்கள் கடைகளுக்குள் வர வழி செய்வது ஒன்று. வந்தவர்கள் விழுந்து வைத்துக் கட்டட உரிமையாளர்கள்மேல் வழக்குப் போடாமல் பார்த்துக்கொள்வது இன்னொன்று. முதல் நோக்கத்துக்கு ஓர் அதிகாரியை வைத்திருந்தார்கள். இரண்டாவதற்கு ஒரு முழு மாடி.

அந்த ஓர் அதிகாரியின் பெயர் பரமசிவம். கோயில் பத்திரிகையைக் கையில் பிடித்தபடி வந்தார். பலகைகளைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நடிப்பென்று சொல்லக் கூடாது, உண்மையாகவே நல்ல மனிதர். ஊர் வழக்கப்படி பேச்சு முடிவில் ஒரு 'லா' போடுவார்.

"இதுதான் ஸ்பிரிட் லா! நாங்க மாசக்கணக்கா மீட்டிங் போட்டு யோசிக்கிறத, நீங்க ரெண்டு பலகையில முடிச்சிட்டீங்க, மிஸ்டர் இயேசுதாசன். அதுதான் பிரச்சினை."

"பிரச்சினையா சார்?"

"இது என்ன?"

"பலகை சார்."

"என்ன பலகை?"

"கதவுப் பலகை."

"அப்ப இது கதவு."

"ராத்திரிக்குக் கதவு சார்."

"பகல்ல?"

இயேசுதாசன் யோசித்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லை. "பகல்ல படுத்துக்கிடக்கும் சார்" என்றார்.

பொது நடைபாதையில் கதவு ஒன்று படுத்துக்கிடப்பதாகப் பரமசிவம் எழுதிக்கொண்டார். விதிகளின்படி கதவு நிற்கலாம், திறக்கலாம், மூடலாம். படுப்பதற்கு இடமில்லை.

அடுத்த வாரம் வாரியத்தின் சட்ட ஆலோசகர் அருள்ஜோதி வந்தாள். சின்ன வயசு, பெரிய படிப்பு. பலகையில் கால் வைக்காமல், படியிலும் கால் வைக்காமல், நடைபாதையில் நின்றபடியே பேசினாள்.

"உங்க வைஃப் இதுல ஏறும்போது விழுந்துட்டா?"

"இதுவரைக்கும் விழலீங்களே, மேடம்."

"விழலைங்கறது எவிடென்ஸ் இல்ல அங்கிள். இன்னும் விழலைன்னுதான் அர்த்தம்."

தூணோரமிருந்து அந்தோனியம்மாள் குரல் கொடுத்தாள். "விழுந்தா நான் பாத்துக்கிறேன்மா. நீ ஏன் வெயில்ல நின்னு கஷ்டப்படுறே? மேல வந்து உக்காரு."

"நீங்க எங்க மேல கேஸ் போடலாம் ஆன்ட்டி. உங்க ஹஸ்பண்ட் மேலயும் போடலாம்."

"அவர் மேல நான் ஏன்மா கேஸ் போடப் போறேன்?"

"அது உங்களுக்கு இப்பத் தெரியாது. விழுந்தப்புறம்தான் தெரியும்."

பிறகு அவள் பொறுமையாக விளக்கினாள். நடக்க முடியாதவர் நுழைய முடியாத கடையில் ரிஸ்க் கிடையாது. நுழைய முடிகிற கடையில் அவரோடு சேர்ந்து ரிஸ்க்கும் நுழைகிறது. "ஏறவே முடியாத கடைங்கள்ல யாரும் ஏறும்போது விழுந்ததா ரெக்கார்டே இல்ல" என்றாள்.

"அப்ப யாரும் ஏற வேணாம்னு சொல்றீங்களா?" என்று கேட்டார் இயேசுதாசன்.

"சே, சே! எல்லாரும் ஏறணும், அதான் எங்க பாலிசி. சேஃபா ஏற்பாடு ஆகற வரைக்கும் யாரும் ஏறக் கூடாது, அதான் எங்க அட்வைஸ்."

பலகைகள் எழுந்து நின்றன. இரண்டு நாள் இயேசுதாசனும் நூருல் அமீனும் நாற்காலியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வைத்தார்கள். பயிற்சி பெறாதவர்கள் மனிதரைத் தூக்குவது இன்னும் பெரிய ரிஸ்க் என்று அதற்கும் தடை வந்தது. அந்தோனியம்மாள் பூன் லேக்குத் திரும்பினாள்.

ஆனால் இந்தத் தடவை அவள் சுவரைப் பார்த்துப் படுக்கவில்லை. சட்டப்படி ஒரு சரிவுப்பாதை கட்டித் தருவதாக வாரியம் சொல்லியிருந்தது. சிமெண்டுப் பாதை, கைப்பிடியோடு. பாதை வந்துவிட்டால் தன் தூணோரத்துக்கு யாரும் தடை சொல்ல முடியாதென்று அவள் நம்பினாள். "கொஞ்சம் பொறுத்துக்கிட்டா என்ன, பலகை ஆடும், சிமெண்டு ஆடாது" என்று இயேசுதாசனுக்கு அவளே தைரியம் சொன்னாள்.

பாதை வரும்வரை இடைக்கால ஏற்பாடு என்று வாரியம் இரண்டு காரியம் செய்தது. முதலில், சக்கர நாற்காலிப் படம் போட்ட நீல நிறப் பலகை ஒன்றைப் படிக்கு மேலே மாட்டியது. பிறகு அதனருகே ஒரு மணி வைத்தது. ஏற முடியாதவர் வந்து மணியடித்தால் கடைக்காரர் உள்ளேயிருந்து வெளியே வர வேண்டும். வந்து தூக்கக் கூடாது, தள்ளக் கூடாது, பலகை போடக் கூடாது. வருத்தம் தெரிவிக்க வேண்டும். அந்த வருத்தத்தின் வாசகத்தை வாரியமே நான்கு மொழிகளில் எழுதிக் கொடுத்திருந்தது. வந்தவர் எந்த இனமென்று கடைக்காரர் முகத்தைப் பார்த்து முடிவு செய்தால் அதிலும் வழக்கு வரலாம் என்பதால் நான்கு மொழியிலும் சொல்லியாக வேண்டும். இயேசுதாசன் சீன மொழி வாசகத்தைத் தமிழில் எழுதிவைத்து, ஜெபம் மனப்பாடம் செய்வதுபோல் பட்டன் பெட்டிகளுக்கு நடுவே சொல்லிச் சொல்லிப் பழகினார்.

மணியை ஒருவரும் அடிக்கவில்லை. ஏனென்றால் அது படிக்கு மேலே, நிற்கிற மனிதரின் தோள் உயரத்தில் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. லூர்து மாதா கோயிலில் பூசை முடிந்ததும் அந்தோனியம்மாள், "வேனைக் கடைப்பக்கம் விடச் சொல்லுங்க, வாசல்ல நின்னு பாத்துட்டுப் போயிடுறேன்" என்றாள். நூருல் அமீன் விட்டான். போய் இறங்கினால் பரமசிவம் அங்கே படக்காரர் ஒருவரோடு நின்றுகொண்டிருந்தார். வாரியத்தின் ஆண்டு மலருக்கு மணியைப் படம் எடுக்க வந்தாராம்.

"அட, ஆன்ட்டி! நல்ல டைம்ல வந்தீங்க. இந்த மணிய இதுவரைக்கும் யாருமே யூஸ் பண்ணல லா. ஒருதரம் அடிங்களேன், ப்ளீஸ்."

அவளுக்கு எட்டவில்லை. நூருல் அமீன் படியேறிப்போய் அவளுக்காக அடித்தான். இயேசுதாசன் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார்.

"மிஸ்டர் இயேசுதாசன், நீங்க உள்ளயிருந்து வரணும்."

"நான் இங்கதானே சார் நிக்கிறேன்?"

"முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

இயேசுதாசன் நாற்காலியை நூருல் அமீனிடம் விட்டுவிட்டுப் படியேறி உள்ளே போனார். ஒரு நிமிஷம் இருட்டில் நின்றார். பிறகு வெளியே வந்து, படிக்கு மேலே நின்று, கீழே நாற்காலியில் இருந்த தன் மனைவியைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினார். ஆங்கிலத்தில் சொன்னார். மலாயில் சொன்னார். சீனத்தில் சொன்னபோது அந்தோனியம்மாளுக்குச் சிரிப்பு வந்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நூருல் அமீனும் சிரித்தான். படக்காரர் படமெடுத்தார். கடைசியாகத் தமிழ்.

"தங்கள் வருகைக்கு நன்றி. தங்களை உள்ளே அழைக்க இயலாமைக்கு மனமார வருந்துகிறோம். தங்கள் வசதியே எங்கள் குறிக்கோள். தயவுசெய்து மீண்டும் வருக."

இதில் சிரிக்க ஒன்றுமில்லை என்று அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது. அந்தோனியம்மாள் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். தெருவில் போகும் யாரோ ஒரு வாடிக்கைக்காரிபோல, மரியாதையாக, "பரவால்லீங்க. நான் அப்புறம் வர்றேன்" என்றாள். இயேசுதாசன் படியிலிருந்து இறங்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவித்தார். அவள் தன்னிடம் அப்படி அந்நியமாகப் பேசி அவர் கேட்டதில்லை. பரமசிவம் மட்டும், "வெரி குட். கஸ்டமர் ஹேப்பி" என்று குறித்துக்கொண்டார்.

பாதைக்கான வரைபடம் தயாரானது. ஓரடி ஏற வேண்டுமானால் பன்னிரண்டு அடி நீளத்துக்குச் சரிய வேண்டும் என்பது விதி. நடைபாதையோ ஐந்தடி. வெளியே கட்டினால் பாதை நடைபாதையைத் தாண்டி, சாக்கடையைத் தாண்டி, நடுத்தெருவில் போய் முடியும். ஆகவே பாதையைக் கடைக்கு உள்ளே கட்டுவதென்று வாரியம் முடிவு செய்தது. வாசலில் தரையை வெட்டி இறக்கி, அங்கிருந்து பின்சுவர் வரைக்கும் மெதுவாக ஏற்றிக்கொண்டு போவது. இருபுறமும் கைப்பிடி. கைப்பிடிக்கும் சுவருக்கும் நடுவில் அலமாரி கூடாது, கை சிக்கிக்கொள்ளும். மேலே, பின்சுவரோரம், நாற்காலி திரும்புவதற்கு ஒரு மேடை.

நூருல் அமீனுக்கு வரைபடம் பார்த்துப் பழக்கமில்லை. வாய்விட்டே கேட்டுவிட்டான். "சார், வாசல்ல தரைய வெட்டி இறக்கப் போறீங்க. கடை பூராவும் அப்படியே இறக்கிட்டா என்ன? ஏத்தமே இருக்காதே."

பரமசிவம் அவனைக் கனிவாகப் பார்த்தார். "நல்ல கேள்வி. ஏத்தமே இல்லன்னா சரிவுப்பாதை எப்படி வரும்? சரிவுப்பாதை இல்லன்னா இது அணுகக்கூடிய கடைன்னு நாங்க எப்படி ப்ரூவ் பண்றது? வெறும் தரையக் காட்டி அவார்டு வாங்க முடியுமா லா?"

"கடை சாமானெல்லாம் எங்க சார் வைக்கிறது?" என்று கேட்டார் இயேசுதாசன்.

"சாமானா?" பரமசிவம் வரைபடத்தைத் திருப்பிப் பார்த்தார். "அது வேற டிபார்ட்மெண்ட்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை உலகத்தில் நிறைய உண்டு. இங்கே குரங்கை மந்திரிகூட வந்து திறந்துவைக்கும்படி பிடித்தார்கள். அலமாரிகள் போயின. லேஸும் பட்டனும் பெட்டி பெட்டியாகப் பூன் லே வீட்டுக் கட்டிலடிக்கு வந்தன. கீழ்க்காடி காலில் தடுக்கும் என்பதால் பலகைக் கதவே போய் இரும்புக் கதவு வந்தது. மந்திரித்த பலகைகளைக் குப்பையில் போட இயேசுதாசனுக்கு மனம் வரவில்லை. கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். மண்டபத்தில் அவற்றுக்குக் கால் அடித்து பெஞ்சாக்கிக்கொண்டார்கள்.

வீட்டில் அந்தோனியம்மாள் ஒவ்வொரு சாயங்காலமும் கேட்டாள். "எதுவரைக்கும் வந்துருக்கு?"

"போட்டுக்கிட்டே இருக்காங்க, அம்மாளு."

"இந்தப் பெட்டியெல்லாம் ஏன் இங்க வருது?"

"சிமெண்டுத் தூசி படக்கூடாதுல்ல."

பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர் என்று மேலே சொன்னோம். பழகிக்கொண்டார். அவள் மறுபடி சாப்பிடத் தொடங்கியிருந்தாள், மறுபடி பேசத் தொடங்கியிருந்தாள். பிஸ்கட் டப்பா ஒன்றில் கத்தரிக்கோல், அளவு நாடா, ஊசி எல்லாம் எடுத்துவைத்து, டப்பாவைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டு தூங்கினாள். அவளிடம் எந்த வாயால் சொல்வது?

திறப்பு விழா நாளில் தெருவே கூடியது. தோரணம், பந்தல், நாதஸ்வரம். மந்திரி வருவதாக இருந்து வரவில்லை. அவருக்குப் பதிலாக வந்தவரும் கிளம்பிப் போன பிறகு பரமசிவம் ஒலிபெருக்கியைப் பிடித்தார். தெருவில் பேசுகிற பேச்சை வீட்டிலேயே வைத்துவிட்டு, மேடைத் தமிழில் முழங்கினார்.

"பெரியோர்களே! ஒரு காலத்தில் இந்தக் கடையில் பொருள்கள் இருந்தன, ஆனால் பாதை இல்லை. இன்று பாதை இருக்கிறது! பொருள்கள் எங்கும் கிடைக்கும், பாதை எங்கும் கிடைக்காது. தீவிலேயே முழுக்க முழுக்க அணுகக்கூடிய ஒரே கடை இதுதான் என்று பெருமையோடு அறிவிக்கிறேன். இதில் தடுக்கி விழ ஒரு பொருள்கூட இல்லை. வழக்குத் தொடர ஒரு காரணமும் இல்லை. இந்த வெற்றி எங்கள் சட்டத்துறையின் வெற்றி. சட்டத்துறை அனுமதித்தால், ஊனமுற்றோரின் வெற்றியும்கூட!"

சட்டத்துறை அனுமதித்தது. அருள்ஜோதி தலையசைத்தாள். கைதட்டல்.

அந்தோனியம்மாள் பட்டுச்சேலை கட்டி, மடியில் பிஸ்கட் டப்பாவோடு காத்திருந்தாள். இயேசுதாசன் நாற்காலியைத் தள்ளினார். வாசலில் ஒரு குலுக்கல்கூட இல்லை, நல்ல வேலைப்பாடுதான். அவள் இடது பக்கம் திரும்பித் தூணைத் தேடினாள். தூண் இருந்தது. அதன் ஓரத்தில் கைப்பிடி ஓடியது. வலது பக்கம் பார்த்தாள், அங்கேயும் கைப்பிடி. நாற்காலி ஏறிக்கொண்டே போயிற்று. பாதையின் உச்சியில், மேடையில், பின்சுவருக்கு முன்னால் நின்றது. சுவரில் போன வருஷத்து மாதா படக் காலண்டர் மட்டும் தொங்கியது.

"கடை எங்கங்க?" என்று கேட்டாள் அந்தோனியம்மாள்.

 நாற்காலியின் பின்னால் நின்றதால் இயேசுதாசனுக்கு அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அதற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னார்.

பிறகு அவளே சொன்னாள். "சரி, போகட்டும். இங்கயாவது இருக்கேன். தெரு கொஞ்சம் தெரியுது. டப்பாவ மடியில வச்சுக்கிட்டு நாலு முழம் லேஸ் விக்க மாட்டேனா?"

கீழேயிருந்து அருள்ஜோதி மேலே வந்தாள். நடந்தே வந்தாள். அவளுக்கும் அது சங்கடமாகத்தான் இருந்தது, குரல் இறங்கிப்போயிருந்தது. "ஆன்ட்டி, இது திரும்பற மேடை. இங்க யாரும் இருக்கக் கூடாது. காலியா இருக்கணும்."

"காலியாவா? அப்ப நான் எங்கம்மா இருக்கிறது?"

"சரிவுப்பாதை போறதுக்கும் வர்றதுக்கும்தான், ஆன்ட்டி. நடுவுல நின்னா அது இடைஞ்சல். பின்னால இன்னொரு வீல்சேர் வந்தா?"

"வருதாம்மா?"

அருள்ஜோதி வாசலைப் பார்த்தாள். யாரும் வரவில்லை. "வரலாம்ல" என்றாள்.

நாற்காலி திரும்பியது, இறங்கியது. கீழே கைதட்டல் இன்னும் ஓயவில்லை.

அதன் பிறகு அந்தக் கடை விருது வாங்கியது. வெளியூர்க் குழுக்கள் வந்து பார்த்துப் போயின. வாரியம் அதை முன்மாதிரியாக வைத்துக்கொண்டு இரும்புக் கதவைப் பூட்டியது. இயேசுதாசன் ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையின் சாமான் அறையில் வேலைக்குப் போனார். அங்கே யாரிடமும் பேச வேண்டியதில்லை, அந்த வகையில் அவருக்குப் பொருத்தமான வேலை. ஹலீமா பூன் லேக்கு இரண்டு தடவை பஸ் ஏறி வந்து கட்டிலடிப் பெட்டியிலிருந்து லேஸ் வாங்கிப் போனாள். தூரம் அதிகம், அப்புறம் வரவில்லை. அந்தோனியம்மாள் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆனால் விதி ஒன்று இருந்தது. சரிவுப்பாதை நல்ல நிலையில் இருக்கிறதா என்று ஆண்டுக்கொரு தடவை சோதிக்க வேண்டும். சோதிக்க உண்மையான பயனர் ஒருவர் வேண்டும். வாரியத்திடம் இருந்த ஒரே பயனர் அந்தோனியம்மாள். ஆகவே ஆண்டுக்கொரு நாள் பூன் லேக்குக் கடிதம் வரும், நூருல் அமீனின் வேன் வரும், அவள் டன்லப் ஸ்திரீட்டுக்குப் போய் ஏறி இறங்கிவிட்டு வருவாள்.

மூன்றாவது சோதனை. பரமசிவம் தலை நரைத்து, பதவி உயர்ந்திருந்தார். அவள் மடியில் அதே பிஸ்கட் டப்பா. தெரு எவ்வளவோ மாறியிருந்தது. அவள் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை பார்த்தாள், எதிர்க்கடைப் பையனிடம் அவன் அம்மாவை விசாரித்தாள், ஒரு சீனக் கிழவியிடம் மலாயில் என்னவோ சொல்லிச் சிரிக்கவைத்தாள். ஏறும்போதே குரல் ஏறியது. இயேசுதாசன் வேண்டுமென்றே மெதுவாகத் தள்ளினார்.

மேடையில் நாற்காலி திரும்புவதற்குள் அவள் டப்பாவைத் திறந்தாள். உள்ளே மடித்து வைத்த வெள்ளை லேஸ் ஒரு துண்டு. அதை விரலில் தொங்கவிட்டு, "தம்பி, சம்சாரத்துக்கு ரவிக்கையில வைக்க நல்லா இருக்கும். காரமான லேஸ். போட்டுக்கிட்டா நீங்க பயப்படுவீங்க" என்றாள்.

பரமசிவத்தின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து பாதியில் நின்றது. கை லேஸை நோக்கிக் கொஞ்சம் நீண்டது. பிறகு சட்டைப்பைக்குத் திரும்பிப் போயிற்று. "இங்க விக்கக் கூடாது, ஆன்ட்டி. இது கடையில்ல" என்றார் மெதுவாக.

"தெரியும் தம்பி. சும்மா கேட்டேன்" என்று அவள் லேஸை மடித்துவைத்து டப்பாவை மூடினாள்.

பாதை திருப்திகரம் என்று அவர் எழுதிக்கொண்டார். இரும்புக் கதவு இறங்கியது. வேன் நகர்ந்ததும் நூருல் அமீன் கண்ணாடியில் பின்னால் பார்த்தான். அண்ணி அழுகிறாளோ என்று அவனுக்குப் பயம். அவள் அழவில்லை. சேலையில் ஒட்டியிருந்த மிளகாய்த்தூளைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னங்க," என்றாள், "அடுத்த வருஷம் எந்த மாசம் கூப்புடுவாங்க?"

"தெரியல, அம்மாளு."

"முன்னாலயே கேட்டு வையுங்க. மூணு வருஷமா இந்தப் பட்டுச்சேலையவே கட்டிக்கிட்டுப் போறேன். தினமும் ஒரே சேலையில கடைக்கு வர்றாளேன்னு தெருவுல பேச மாட்டாங்களா?"

கேட்டு வைப்பதாக இயேசுதாசன் சொன்னார்.